முடிச்சுகள் தொங்கிய ஜன்னல்

தையல்காரிக்குக் கோபம் வந்தால் மெஷின் நின்றுவிடும். இந்த வாரம் முழுக்க நின்றுதான் கிடக்கிறது. எல்லாம் ஒரு சினிமாவால் வந்த வினை.

அவளோடு இருப்பது தம்பி ஒருவன்தான். நாற்பது வயது. காதுக்குள் யாரோ பேசுகிற நோய், வருடக்கணக்காக மாத்திரை. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். "அடி, உடை" என்று குரல் ஏவும். அதன் பேச்சைக் கேட்காமல் சமாளித்துவிட்டால், அக்கா வெட்டிப்போட்ட நூலில் ஒரு முடிச்சுப் போட்டுத் தன் அறை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவான். ஒவ்வொரு முடிச்சும் அவன் ஜெயித்த ஒரு பொழுது.

படப்பிடிப்புக்கு வீடு கேட்டு வந்த டைரக்டர் அந்த அறையைப் பார்த்து வாயைப் பிளந்தார். முடிச்சு எதற்கென்று கேட்டார். இவளும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தாள்.

"எதையும் தொடாதீங்கம்மா, இப்படியே இருக்கட்டும். குடும்பக் கதைதான்" என்றார் அந்தப் புண்ணியவான்.

வந்தது திகில் படம். தம்பியின் அறைதான் கொலைகாரன் அறை! முடிச்சுக்கு ஒரு கொலை. சத்தமே இல்லாமல் கேமரா முடிச்சு முடிச்சாக மேலே ஊர்ந்து போக, தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பயம் காட்ட இவர்களுக்கு வேறு அறையே கிடைக்கவில்லையா?

வாடிக்கைக்காரிகள் இப்போது வாசலோடு நின்று துணியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். தம்பியைக் கண்டாலே எதிர்வீட்டுக்காரி பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறாள்.

நேரே டைரக்டரின் ஆபீசுக்குப் போய் நின்றாள்.

"அது ஒரு குறியீடும்மா. மனசோட சிக்கலைக் காட்டுறது. அந்த சீன் மெதுவா போனாத்தான் சஸ்பென்ஸ் ஏறும்."

"யாரையும் அடிக்காம இருந்ததுக்கு அவன் போட்ட முடிச்சுங்க அது. தெரிஞ்சேதானே எடுத்தீங்க?"

அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். அவருக்கு அடுத்த படம், இவளுக்கு அதே தெரு.

வீட்டுக்கு வந்தால் ஜன்னல் மொட்டையாக இருந்தது. நூலெல்லாம் தரையில் குவிந்து கிடந்தது. பக்கத்தில் தம்பி.

"எல்லாரும் பயப்படுறாங்கக்கா. அதான் கழட்டிட்டேன்."

"அப்போ குரல் வந்தா என்னடா பண்ணுவே?"

அவன் தன் கைகளையே பார்த்தான். "காலைல இருந்து பேசிக்கிட்டுதான் இருக்கு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. குவியலை அப்படியே வாரிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்து வந்தாள். மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு சிவப்பு நூலை நீட்டினாள்.

"காலைல இருந்து கேக்காம இருந்தே இல்ல? போடு முடிச்சு."

அவன் போட்டான். அவள் அதைப் பழைய முடிச்சுகளோடு சேர்த்துத் தெருப்பக்க ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திரைச்சீலை அசைந்தது.

"நல்லா பாரு!" என்று கத்திவிட்டு, மெஷினை மிதித்தாள்.