கிழக்கே நட்ட நிலை

1936-ஆம் வருஷம் பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து குளித்தேன். கம்பங்கஞ்சி குடித்துவிட்டு, பேனாவுக்கு மை ஊற்றி, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மற்ற நாட்களில் நேராகக் கோர்ட்டுக்குப் போவேன். அன்று முதலில் ஊரின் மேற்கு எல்லைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே புதிய முன்சீப் கோர்ட் கட்டிடத்துக்குத் தலைவாசல் நிலை வைக்கும் பூஜை. முன்சீப் தமக்குப் பதிலாக, குமாஸ்தாவான என்னைப் போய் வரச் சொல்லியிருந்தார்.

அதுவரை கோர்ட் ஒரு நெல் வியாபாரியின் வீட்டில் வாடகைக்கு நடந்தது. மதுரைக்கு மேற்கே, எங்கள் பக்கத்தில், வாதி பிரதிவாதி ஒருவரையொருவர் சவாலுக்கு இழுத்தால், கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். சாட்சியை நம்பாதவர்களும் அதை நம்புவார்கள். ஆனால் வியாபாரி தன் வாசலில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "பொய்ச் சத்தியம் எவன் பண்ணாலும் அந்தப் பாவம் வீட்டுக்காரன் தலையிலதான் விடியும்" என்பார். அதனால் ஒரு கிணற்று வழக்கு முடியாமல் நின்றது.

வழக்காடியவர்கள் அண்ணன் தம்பி முறையுள்ள இரண்டு பங்காளிகள். புதுக் கோர்ட்டுக்கு அடுத்த நிலம் அவர்களுடையது. இளையவரின் அப்பா தன் கிணற்றுப் பங்கை வாய்வார்த்தையாக விட்டுக் கொடுத்துவிட்டார் என்றார் மூத்தவர். இல்லவே இல்லை என்றார் இளையவர். "கோர்ட்டு வாசல்ல கற்பூரத்த அணைச்சுச் சொல்லு, தண்ணிய விட்டுர்றேன்" என்பது மூத்தவரின் சவால். இளையவர் சர்க்கார் வாசல் எப்போது வரும் என்று காத்திருந்தார். அவருடைய மிளகாய்ச் செடிகள் பூவை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. அந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் அந்த வருஷத்து வெள்ளாமை போய்விடும்.

நான் போனபோது சுவர் முழங்கால் உயரம்தான் இருந்தது. அதன் நடுவே தேக்கு நிலையை நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். கொத்தனார் தேங்காய் உடைத்ததும் இளையவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, வாசல் வந்துருச்சு. சொல்லவா?"

"சொல்லுடா. நான் எங்கயும் ஓடிப் போயிரல."

இளையவர் மடியிலிருந்து கற்பூரம் எடுத்து நிலையின் கீழ்ப்படியில் ஏற்றினார். "எங்கப்பா பங்க விட்டுக் குடுக்கல. நான் சொல்றது பொய்யின்னா என் வம்சம் வெளங்காது" என்று சொல்லி ஓங்கி அடித்து அணைத்தார்.

மூத்தவர் குனிந்து படியில் படிந்த கரியைப் பார்த்தார். "சரி. நாளைக்குக் காலையில ஒன் மாட்டக் கமலையில பூட்டித் தண்ணி எறச்சுக்க" என்றார்.

"கோர்ட்ட இன்னும் கட்டவே இல்ல, மொதக் கேசு முடிஞ்சுருச்சே மாப்ள!" என்று யாரோ கத்தினார்கள்.

முன்சீப்பிடம் சொன்னேன். வழக்கு சமாதானமாகிவிட்டது என்று ராஜி மனு எழுதி இருவரிடமும் ஒப்பம் வாங்கச் சொன்னார். "கோர்ட் வாசலில் செய்த சத்தியத்தின்படி" என்று தொடங்கி எழுதி, சாயங்காலம் புதுக் கட்டிடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பங்காளிகள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மராமத்து இலாகா ஓவர்சியர், செங்கல் அடுக்கின் மேல் பிளானை விரித்து வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"யாருய்யா நிலையக் கிழக்க நட்டது? இது ரிக்கார்டு ரூமுக்குப் போற சந்து. தலைவாசல் தெக்க, ரோட்டப் பாத்து!"

"தெக்குப் பாத்து எவன் தலைவாசல் வைப்பான்? எமன் தெசையில்ல அது?" என்றார் கொத்தனார். "படம் போட்டவரு தெசை மாத்திப் போட்டுட்டாருன்னு நாந்தேன் சரி பண்ணி வச்சேன்."

மறுநாள் காலையில் நிலையைப் பெயர்த்துத் தெற்கே நட வேண்டும் என்று உத்தரவாயிற்று. மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப இது கோர்ட்டு வாசலே இல்லையில்ல? சந்துல அணைச்சதுக்கு நான் எதுக்குத் தண்ணி விடணும்?"

"நான் நெலையிலதான அணைச்சேன். நெலை எங்க போனாலும் சத்தியமும் கூடப் போகும்ணே. இந்தா பாருங்க, படியில கரி."

"அது இங்க இருக்கையில வாசல் இல்ல. வாசலாகையில நீ அணைக்கல. ஐயா, நீங்க சொல்லுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தவர் சொன்னது சரி என்று பட்டது. இளையவர் பக்கம் திரும்பினால் அதுவும் சரி என்று பட்டது. மனுவில் "கோர்ட் வாசலில்" என்பதை அடித்தேன், "நிலைப்படியில்" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். ஓவர்சியரைக் கேட்டேன். "செங்கல்லும் சுண்ணாம்பும் எங்க வேலை. சத்தியமெல்லாம் ஒங்க கோர்ட்டு பாத்துக்கிரட்டும்" என்றார். முன்சீப் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "எது வாசல் என்பதை மராமத்து இலாகாதான் சொல்ல வேண்டும்" என்றார். குழப்பம் தீராமலே திரும்பி வந்தேன்.

அதற்குள் இளையவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "நாளைக்குத் தெக்க நட்ட பொறகு இன்னொரு தடவ அணைக்கிறேன். போதுமா?"

ஒரே விஷயத்துக்கு இரண்டாம் தடவை கற்பூரம் அணைத்தால், அணைத்தவனையும் அணைக்கச் சொன்னவனையும் அது சும்மா விடாது என்பார்கள் எங்கள் ஊரில். சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், மூத்தவர் வரப்பில் இறங்கி நடந்துவிட்டார்.

மறுநாள் குளிக்காமல்கூட, விடிந்தும் விடியாமல் அங்கே போனேன். நான் ஏன் போனேன் என்பதற்கு இன்றும் சரியான காரணம் சொல்ல முடியவில்லை. நிலையைத் தூக்க ஆட்கள் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இளையவர் கையில் கற்பூரப் பொட்டலத்தோடு ஒதுங்கி நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

மூத்தவர் வயல் வழியாக வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே தம்பியிடம் போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கி, நீர்த்துக்கொண்டிருந்த சுண்ணாம்புக் குழியில் எறிந்தார்.

"போ, கமலையப் பூட்டு. வெயில் ஏறிரும்" என்றார்.

தம்பியின் சத்தியத்தை அவர் நம்பினாரா, இரண்டாம் சத்தியத்துக்குப் பயந்தாரா, பயந்தது தன் பிள்ளைகளுக்காகவா தம்பி பிள்ளைகளுக்காகவா, எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பாதி வரப்பு போய்விட்டார்.

அன்று காலை முதலில் கிணற்றில் கமலைதான் ஓடியது. நிலையை அதற்குப் பிறகுதான் பெயர்த்தார்கள்.