கணக்கு வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றியவர்

சென்ற திங்கட்கிழமை நான் ஐந்தாம் பாரத்துக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தபோது பியூன் கோவிந்தன் வாசலில் வந்து நின்றார். "சார், நம்ம பெரிய சார் பூட்டாரு சார். தஞ்சாவூர்லேர்ந்து தந்தி வந்துகீது" என்றார். எங்கள் பள்ளிக்கு அவருக்குப் பிறகு வேறு தலைமையாசிரியர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் பெரிய சார் என்றால் இன்றைக்கும் பொன்னம்பலம் ஒருவர்தான். யார் என்று நான் கேட்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இறந்தவரை வானளாவப் புகழ்வது வழக்கம். அவர் இருந்திருந்தால், "விஷயத்துக்கு வாருங்கள் ஐயா" என்று மூக்குப்பொடி டப்பாவைத் தட்டியிருப்பார். அதனால் விஷயத்துக்கே வருகிறேன்.

சுதந்திரம் வந்த பிறகுதான் அவர் ராயபுரத்துக்கு மாற்றலாகி வந்தார். பள்ளி அப்போது கெட்ட பெயர் வாங்கி வைத்திருந்தது. கடற்கரைத் தெருக்களிலிருந்து கட்டுமரக்காரர் பிள்ளைகள், வண்ணாரப்பேட்டையிலிருந்து முஸ்லிம் வியாபாரிகளின் பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மில் வேலைக்காரர்கள், ரயில்வேக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தின் அரசாங்கப் பரீட்சையில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. தேறாதவர்கள் பெரும்பாலும் கடற்கரைத் தெருவினர், அதுவும் கணக்கில். அவர் வந்த சில மாதத்தில் மேலதிகாரி ஒருவர் வந்து, இந்த வருஷமும் இதே கதை என்றால் ஆறாம் பாரத்தையே எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்துவிட்டால் வசதியுள்ள பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும். கரையோரத்துப் பிள்ளை ஐந்தாம் பாரத்தோடு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

"அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது சார்" என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பொன்னம்பலம் மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். கட்டுமரங்கள் கரையேறும் நேரம். எங்கள் ஆறாம் பாரத்துப் பையன்கள் கட்டுமரங்களை இழுத்துப் போட்டுக்கொண்டும், கூடையில் மீனை அள்ளிக்கொண்டும் இருந்தார்கள். ஏலம் முடிந்தால்தான் அவர்களுக்கு விடுதலை. ஓடி வந்து சேரும்போது பள்ளியில் முதல் மணி வகுப்பு தொடங்கியிருக்கும். தாமதமாக வந்தவன் அந்த மணி முழுவதும் வெளியே நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் மணி எப்போதும் கணக்கு. காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் வைப்பார்கள், நாங்களும் வைத்திருந்தோம். அந்தப் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் கணக்கு வகுப்பைச் சுவருக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. சூசை என்ற பையனின் தாய் மரியம்மா, பெரிய சாரே கரைக்கு வந்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாள். "துன்னு பாரு நைனா, இப்ப வந்த மீனு!" பொன்னம்பலம் பரம சைவம். மறுக்கவும் மனம் வரவில்லை. மீனைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு தெருமுழுக்க நடந்து என் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். என் மனைவி அதைக் குழம்பு வைத்தாள். அவர் சட்டையைத் துவைத்த வண்ணான் என்ன சொன்னானோ தெரியாது.

கணக்கு மத்தியானத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகைக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் கடைசி மணி. கணக்கு வாத்தியார் நான். விடுவேனா? "சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிற பையனுக்கு அல்ஜீப்ரா எப்படி சார் ஏறும்?" என்று சண்டைக்குப் போனேன். "வகுப்பிலேயே இல்லாத பையனுக்கு எப்படி ஏறிற்று?" என்றார்.

உண்மையான சோதனை செலக்‌ஷன் பரீட்சை முடிந்து வந்தது. தேறமாட்டான் என்று தோன்றுகிறவனை அதிலேயே நிறுத்திவிட்டு, மற்றவர்களை மட்டும் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புவது ஊர் வழக்கம். சதவீதம் அழகாக வரும். ஆறாம் பாரம் பிழைக்க அதுதான் வழி என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். அவர் மட்டும், "பள்ளியைக் காப்பாற்றப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டால், அப்புறம் யாருக்காகப் பள்ளி?" என்றார். ஒருவரையும் நிறுத்தவில்லை. அத்தனை பேரையும் அனுப்பினார். எனக்குத் தூக்கம் போயிற்று.

முடிவு வந்தது. சதவீதம் ஏறவே இல்லை. ஆனால் தேறிய பிள்ளைகள் முன்னைவிட அதிகம், கடற்கரைத் தெருவிலும் சிலர். அந்த எண்ணிக்கையைப் பார்த்து அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே ஆறாம் பாரத்தை விட்டுவைத்தார். சொல் பேச்சுக் கேட்காத தலைமையாசிரியருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வந்தது.

சூசை தேறவில்லை. புறப்படுவதற்கு முன் பொன்னம்பலம் அவன் வீட்டுக்குப் போனார், நானும் போனேன். மரியம்மா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தாள். "பையன் பெயிலாகிவிட்டானேம்மா, மறுபடி எழுதச் சொல்லுங்கள்" என்று இவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பெயிலானா இன்னா சார்? அல்லாரும் குந்தி எய்துன எடத்துல என் புள்ளயும் குந்தி எய்திச்சு. இவன் அண்ணன அந்தக் காலத்துல பரிச்சைக்கே வாணாம்னு வூட்டுக்கு அனுப்சிட்டாங்க. அவன் பாஸா பெயிலான்னு எனக்கு இன்னிவரிக்கும் தெரியாது சார்" என்றாள்.

பொன்னம்பலம் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொடி போட்டதால் அல்ல.

செலக்‌ஷன் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. நான் யாரையும் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு வருஷமும் சதவீதத்தைக் காட்டி என்னைக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள், கைகட்டி நின்று கேட்டுக்கொள்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அந்தத் திட்டுதான். ஓய்வு பெறும்வரை அதை ஆண்டு அனுபவிப்பேன்.