மூன்றாம் வகுப்புக்குத் தேறினேன் (கணக்கில்)

இன்று காலை பத்தரை மணிக்கு ஒரு போன்.

"சார், சென்னைல இருந்து பேசறேன். உங்க பையன் சிவசுப்பிரமணியன் எழுதின மேத்ஸ் டெஸ்ட் பத்திக் கொஞ்சம் பேசணும்."

சிவசுப்பிரமணியன் நான்தான். வயது எழுபத்தொன்று.

முறைப்படி முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். (வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.)

என் மகள் மீனா, அவள் மகள் கோமுவை ஒரு வருஷமாக வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறாள். கோமுவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டதற்குக் கரும்பலகைப் பக்கம் பீரியட் முழுக்க நிற்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கணக்கு இருக்கிற நாளெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி.

கணக்கு எல்லா நாளும் இருந்தது!

வீட்டில் மற்ற பாடமெல்லாம் நன்றாகப் போகிறது. கணக்குப் புத்தகத்தை எடுத்தால் மட்டும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, இந்த மாசத்துக்குள்ள ஒரு பாடத்திட்டத்தப் பிடிச்சு அவ உக்காந்து கணக்குப் போடணும். இல்லன்னா ஜூன்ல திரும்ப ஸ்கூல்தான்."

மீனா என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க எஞ்சினியர்லா. ஒண்ணப் பாத்துச் சொல்லுங்க."

ஆமாம். பொதுப்பணித்துறையில் முப்பத்து நாலு வருஷம். ஆற்றில் நீர்மட்டத்தை இரண்டு தரம் பார்க்காமல் ஒரு நாளும் எழுதியதில்லை.

மூன்று பாடத்திட்டங்களை எடுத்தேன். ஒன்று அரசுப் பாடநூல். இரண்டாவது, படம் வரைந்து கணக்குப் போடும் வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகம். மூன்றாவது, டேப்லெட்டில் விரலால் தட்டிப் படிப்பது.

பதினான்கு கட்டம் போட்டு மார்க் கொடுத்தேன். நான்கு நாள் ஆயிற்று.

மூன்றுக்கும் ஒரே மார்க்!

(யாரையும் மனம் நோக வைக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. பாடத்திட்டத்தைக்கூட.)

டேப்லெட்காரர்கள், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முப்பது கேள்வியில் ஒரு டெஸ்ட் வைத்திருந்தார்கள். டெஸ்ட் என்றால் கோமு பயப்படுவாள். நாமே எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயரும் போன் நம்பரும் கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். வயதுப் பட்டியல் பதினெட்டோடு முடிந்துபோனதால் கோமுவின் ஒன்பதைப் போட்டேன்.

பதினேழாவது கேள்வி: நிமிஷத்துக்கு 12 லிட்டர் விழும் குழாய். 300 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம்?

தொட்டி முதலில் காலியாக இருந்ததா? சொல்லவில்லை. கசிவு உண்டா? அதுவும் சொல்லவில்லை. நான் இருபத்திரண்டு நிமிஷம் யோசித்தேன். (தொட்டியே கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும்.)

இனி காலையில் டேப்லெட்காரர்களிடமிருந்து ஒரு பெண் பேசிய போனுக்கு வருகிறேன். எனக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். மீனாவும் கோமுவும் பக்கத்தில் இருந்தார்கள்.

"சார், பையனுக்கு அறிவு நல்லா இருக்கு. தைரியம்தான் இல்ல. ஒவ்வொரு விடையையும் போட்டு, அழிச்சு, மறுபடியும் அதையே போட்டிருக்கான். வீட்ல யாராவது திட்டுவாங்களா?"

அடுக்களைப் பக்கம் பார்த்தேன். என் மனைவி சங்கரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம்" என்றேன்.

"திட்டவே கூடாது சார்! 'தெரியாது'ன்னு ஒரு பட்டன் இருக்கு. எல்லாப் பசங்களும் அமுக்குவாங்க. இவன் ஒரு தடவகூட அமுக்கல. தப்பானாலும் பரவால்லன்னு கட்டிப்பிடிச்சுச் சொல்லுங்க."

"யாரையம்மா?"

"உங்க பையனத்தான் சார்!"

"சரிம்மா, சொல்லுதேன்." (அந்தப் பையன் நான்தான் என்று சொல்ல எவ்வளவோ முயன்றேன். வாய் வரவில்லை.) "எந்த வகுப்புல இருந்து ஆரம்பிக்கணும்?"

"மூணாங்கிளாஸ் சார். பதினேழாவது கேள்வியிலயே டைம் முடிஞ்சு போச்சு."

கோமு தரையில் உருண்டாள். "தாத்தா மூணாங்கிளாஸ்! ஆச்சி, தாத்தா மூணாங்கிளாஸ்!"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது: "எனக்கு அப்பவே தெரியும்."

சிரித்து முடித்துவிட்டு கோமு டேப்லெட்டைப் பிடுங்கினாள். "எனக்கும் வையி. நான் தாத்தாவ முந்துதேன்."

ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை டெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் இருந்தவள்.

முப்பது கேள்வி. ஒன்பது இடத்தில் 'தெரியாது'. ஒவ்வொன்றையும் கேரம் காயைச் சுண்டுவதுபோல டப்பு டப்பென்று அமுக்கினாள்!

தொட்டிக் கேள்விக்கு, "இருபத்தஞ்சு."

"தொட்டி காலியா இருந்துச்சான்னு பாத்தியா?"

"தண்ணி கிடக்க தொட்டியில யாரு தாத்தா தண்ணி விடுவா?"

(நாங்கள் அணைக்கட்டில் முப்பத்து நாலு வருஷம் அதைத்தான் செய்தோம்.)

முடிவு: நாலாம் வகுப்பு. என்னைவிட ஒரு வகுப்பு மேல்.

மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இப்பவாது சொல்லுங்கப்பா, இந்த மூணுல எது?"

பதினான்கு கட்டம் போட்ட தாளை எடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டேன். கழற்றினேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

சொன்ன பிறகு பார்த்தால், வீடு இடிந்து விழவில்லை.

முடிவைக் கோமுவே எடுத்துவிட்டாள். அரசுப் பாடநூலைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் ஒரு வட்டம் வரைந்து, உள்ளே 'தெரியாது' என்று எழுதினாள். மத்தியானத்துக்குள் இரண்டு பக்கம் போட்டாயிற்று. வட்டத்தை மூன்று தரம் அமுக்கினாள். வயிற்றுவலி இல்லை! மாப்பிள்ளைக்கு மீனா போட்டோ அனுப்பினாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது.

சாயங்காலம் மறுபடி அதே பெண்ணிடமிருந்து போன்.

"சார், பையன் இப்ப எப்படி இருக்கான்?"

"இன்னைக்கு ஒரு தடவ 'தெரியாது' சொல்லிட்டான்ம்மா."

"சூப்பர் சார்! கட்டிப்பிடிச்சீங்களா?"

அடுக்களையில் சங்கரி தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

"இன்னும் இல்லம்மா. பையன் காத்துக்கிட்டு இருக்கான்."