சத்தம் காட்டக் கூடாது

சங்கரன்கோவிலில், ஓடைப் புறம்போக்கில் எங்கள் வீடு இருந்தது. நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், ஒரே அறை. திருப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அம்மா விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றப் போவாள். அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த ஒருவன் தண்ணீர் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தான். மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, தங்கையை மடிக்கு இழுத்தான். அவள் நெளிந்தாள், அவன் விடவில்லை. நான் கூச்சல் போட்ட பிறகுதான் எழுந்து போனான்.

அன்று சாயங்காலமே அம்மா ஸ்டேஷனுக்குப் போனாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்களாம். விட்டுட்டுப் போய்விட்டார் என்றதும், யாராவது ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். தெருவில் நாலு பேர் மதிக்கிற அண்ணாச்சி ஒருவரிடமும் போய் முறையிட்டாள்.

“ஆம்பள இல்லாத வீடு தாயி. நாமதான் பதனமா இருந்துக்கிடணும்” என்றார் அவர்.

அம்மா பூட்டு வாங்கி வந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் எங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாள். சோறு, தண்ணீர், மூலையில் ஒரு வாளி. கிளம்பும்போது தவறாமல் என்னிடம் சொல்வாள்: “ஏட்டி, யாரு கூப்பிட்டாலும் சத்தம் காட்டப்பிடாது. வீட்ல ஆளு இல்லைன்னு நெனச்சுட்டுப் போயிருவானுவ.”

அந்தக் கோடை விடுமுறையில், ஓடையைத் தூர்வார எங்கள் வீடுகளை இடிக்கப் போவதாகத் தேதி போட்டுக் கரண்டு கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லாருமாகச் சேர்ந்து மனு கொடுத்திருந்தோம். அதனால் வரமாட்டார்கள் என்று நம்பி, அந்தத் தேதியிலும் அம்மா வழக்கம்போல எங்களைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று காலையிலேயே ஜேசிபி வந்துவிட்டது. வெளியே பாத்திரங்கள் உருளுகிற சத்தமும் பெண்கள் அழுகிற சத்தமும் கேட்டன. பிறகு எங்கள் தகரத்தை யாரோ தட்டினார்கள். ஆம்பளைக் குரல்.

“உள்ள யாரும் இருக்கியளா?”

தங்கை வாயைத் திறந்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. அந்த ஆள் இன்னொரு தடவையும் தட்டினான். நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பூட்டிக் கெடக்கு சார். ஆளில்ல.”

“அப்ப எடுங்க.”

எதிர்ப்பக்கத்துத் தகரம் மடங்கிக்கொண்டு உள்ளே வந்தது. நான் கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தன் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காதான் தற்செயலாகத் திரும்பி, மடங்கிய தகர இடுக்கில் எங்களைப் பார்த்திருக்கிறாள். “எலே, நிறுத்துங்கலே, உள்ள பிள்ளைய கெடக்கு” என்று ஓடிவந்து இயந்திரத்துக்கு முன்னால் நின்றாள். அதற்குள் தகரம் தங்கையின் கன்னத்தைக் காதிலிருந்து தாடை வரைக்கும் கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கையில் ஃபைல்.

“பிள்ளைங்கள வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கீங்க. ஆடா, மாடா?”

அம்மாவின் சேலையெல்லாம் ரத்தம். “பூட்டாமப் போனா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்டு, அந்த மிக்சர்க்காரன் கதையைச் சொன்னாள்.

“அப்பவே புகார் கொடுத்திருக்கணும்ல?”

“போனேன். ஆம்பளையக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க.”

அதிகாரி ஃபைலைத் திறந்தார். எங்களைப் பற்றி எழுதினார். தாயிடம் இருப்பது பாதுகாப்பில்லை என்று எழுதியிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. தையல் பிரித்த வாரமே எங்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டை இடித்தவர்களிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை.

இடிபட்ட வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு கொடுத்தார்கள். எங்கள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று அப்பா பெயர்தான் இருந்தது. அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அம்மா திருப்பூர் வரைக்கும் போய்க் கெஞ்சிப் பார்த்தாள், அவர் வரவில்லை. தங்கையை மடிக்கு இழுத்தவனுக்குப் பெண்டாட்டியும் இருந்தாள், கார்டும் இருந்தது. அவனுக்கு வீடு கிடைத்தது.

இரண்டு வருடம் அலைந்து, சிமெண்டுச் சுவர் வைத்த ஒரு வாடகை அறையைக் காட்டி, அம்மா எங்களை மீட்டாள். வந்த அன்று மீன் குழம்பு வைத்து, தங்கைக்கு முள் எடுத்து ஊட்டப் போனாள். தங்கை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க வைங்க, நானே சாப்பிட்டுக்கிடுதேன்” என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மாவை யாரும் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. அது காப்பகத்துப் பழக்கம். அம்மா உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கையைக் கழுவப் போனாள். நெடுநேரம் கழுவினாள்.

தங்கை இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இன்றைக்கும் அம்மாவை ‘நீங்க’ என்றுதான் சொல்கிறாள்.