காலையிலேயே போட்டாச்சா?

இன்று பதுளையில் நமுனுகுல பஸ் ஏறும்போது நடந்தது இது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரை நேரம் தாண்டினால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இன்று தாண்டிவிட்டது.

ஒரு கால் படியில், மற்றது தரையில். அது எழும்பவே இல்லை. பஸ் ஓர் அடி நகர்ந்து நின்றது. கம்பியைப் பிடித்திருந்த கை உதறியது.

"என்னய்யா, காலையிலேயே போட்டாச்சா?" என்றார் கண்டக்டர்.

என் நினைப்பெல்லாம் மாத்திரையில். "இன்னும் போடலைங்க. அதான் ஆடுது. போட்டா சரியாயிரும்" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. "குடிகாரன இறக்கி விடுங்க" என்றது ஒரு குரல். கண்டக்டரின் கை என் நெஞ்சில் அழுத்தியது.

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். "இதத்தாங்க சொன்னேன். நடுக்கத்துக்கு."

அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனிந்து என் காலைத் தூக்கிப் படியில் வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "யாராவது ஐயாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மூன்று போத்தல்கள் நீண்டன.

நமுனுகுலயில் நானே இறங்கி நடந்தேன்.

இனிப் போடாமல் பஸ் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.