இத்தாலியில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

வயிற்றெரிச்சலுக்கு மருந்து தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். போன சனிக்கிழமையிலிருந்து எனக்குத் தேவைப்படுகிறது.

என்னுடன் வேலை செய்யும் குகன், மனைவி சுமதியோடு பத்து நாள் இத்தாலி போய் வந்தான். போனவன் சும்மா இருக்கக் கூடாதா? ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னையும் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டான். புட்டும் கணவாய்க் கறியும் முடிந்த கையோடு, சுவரளவு டிவியில் படங்கள் ஓடத் தொடங்கின.

உங்களுக்குத்தான் தெரியுமே... இத்தாலி என்னுடைய நாடு! மனதளவில். அதன் தேவாலயங்களையும் ஓவியங்களையும் பற்றி இருபது வருடமாகப் படிக்கிறேன். அவற்றைப் படம் பிடிக்கவென்றே நல்ல கேமராவும் வாங்கினேன். அந்தக் கேமரா இதுவரை பார்த்தது பதினொரு கல்யாணமும், பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்த ஆறு சாமத்திய வீடும்தான்.

முதல் படம். புளோரன்ஸ் பேராலயத்துக்கு முன்னால் குகன். முன்னால் என்றால், சரியாக அந்தக் குவிமாடம் மறையும்படி. எங்கள் ஆட்களே இப்படித்தான். கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் அதை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் போனதற்கு என்ன சாட்சி?

"தலையைக் கொஞ்சம் விலத்தியிருந்தால் டோம் தெரிஞ்சிருக்கும்," என்றேன். "கிட்டத்தட்ட அறுநூறு வருசப் பழசு. கீழயிருந்து சாரம் கட்டாமலே எழுப்பினவங்கள், தெரியுமோ?"

"அப்பிடியே அண்ணை? உது ஒண்டும் எங்களுக்குத் தெரியாது. ஏறிப் பாத்தம், நல்ல வடிவாக் கிடந்தது," என்றான் குகன்.

அடுத்த படம் உச்சியிலிருந்து எடுத்தது. மாலை வெயில், கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், தூரத்தில் நீல மலை. ஃபோனில் எடுத்தானாம்! இருபது வருடமாக நான் மனதில் எடுத்து வைத்திருந்த அதே படம். குறை சொல்லத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அந்த நிமிடம் அவனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நீங்கள் யூரோப்புக்கு எத்தினை தரம் போனனீங்கள் அண்ணை?" சுமதி கேட்டாள்.

நாலு தரம்! ஒரு தடவை சூரிச்சில் தங்கி நின்றேன். அங்கிருந்து மிலானுக்கு ரயிலில் நாலு மணி நேரம்கூட இல்லை. ஆனால் மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் விட முடியுமா? சித்தப்பா வீட்டுக்குப் போனது மாமிக்குத் தெரிந்தால்? ஒரு கிழமை, ஏழு நாளும், வீடு வீடாக ரோல்ஸ் சாப்பிட்டே முடிந்தது. என் ஐரோப்பா ஆல்பத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சோபா. அதில் சொந்தக்காரர்.

"எங்களுக்கு அங்க ஒருத்தரும் இல்லை அண்ணை," என்றான் குகன். "வாங்கோ, சாப்பிடுங்கோ எண்டு கேக்க ஒரு சனமில்லை."

கொடுத்து வைத்தவன் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

காரில் மார்க்கம் நகருக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது மனைவியிடம் சொன்னேன். "வாற செப்டெம்பர் இத்தாலி. நேர புளோரன்ஸ். அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ... பலெர்மோவில என்ர பெரியம்மாவின்ர மகள் இருக்கிறா எல்லே?"

"அது எங்கயோ தெற்கால, கடலுக்கு அங்கால தீவில கிடக்குது!"

"தீவெண்டால் என்ன, இத்தாலிதானே? அவவிட்டப் போகாமல் வந்தால் என்ன நினைப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் விளக்கு பச்சையானது. அவள் மெசேஜும் அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு காலை பலெர்மோவிலிருந்து பதில். ஒரு கிழமையாவது நிற்க வேண்டுமாம். கூடவே ஒரு படம் — புதிதாக வாங்கிய சோபா.