பாம்பில்லாத நாட்டிலிருந்து ஒரு பதில்

இந்த ஊரில் வெயில் அடித்தால் போதும், சனங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் இறங்கிவிடுகிறார்கள். ஆபீஸ் போகிற ஆள், கைக்குழந்தைக்காரி, எண்பது வயசுக் கிழவர், யாரும் பாக்கியில்லை. முழங்கால் உயரப் புல்லுக்குள் குழந்தையைத் தவழ விட்டுவிட்டு அம்மாக்காரி பாட்டுக்குப் புத்தகம் படிக்கிறாள். அயர்லாந்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் அந்தக் காட்சியைப் பார்த்தால் என் கண் புல்லுக்குள் எதையோ தேடுகிறது. புல்லில் இறங்குமுன் இரண்டு தடவை தரையை ஓங்கி மிதித்துச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் நடப்பேன். கூட வேலை பார்க்கிற நர்ஸுகள் இது ஏதோ இந்தியச் சடங்கு என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். பாம்புக்காக என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த நாட்டில் பாம்பே கிடையாதாம். எந்தக் காலத்திலோ ஒரு புனிதர் எல்லாவற்றையும் கடலுக்குள் விரட்டிவிட்டாராம். பாம்பைப் பார்க்க வேண்டுமென்றால் மிருகக்காட்சிச் சாலையில் டிக்கெட் வாங்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள், சும்மாவே காட்டுகிறேன் என்றேன்.

எனக்கு ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில். தாத்தா பண்ணையில் ஆளாக இருந்தவர். அப்பா ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் பெயரில் நடவு போட்டவர். எங்கள் தெருவில் முதலில் நர்ஸிங் படித்த பெண் நான்தான். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று ஒரு ஓட்டலில் இண்டர்வியூ வைத்தார்கள். சும்மா போய்ப் பார்க்கலாம் என்று போனவளைக் கார்க் நகரத்தின் ஒரு ஆஸ்பத்திரி ஐசியூவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். "அது எங்கம்மா இருக்கு? துபாய்க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று அப்பா கேட்டார். அந்தப் பக்கம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நான் வந்த இரண்டாவது வருஷம், தை மாதக் கடைசி. செல்போனுக்கு வருகிற அழைப்புக்குக் காசில்லை என்று ஆன புதிது. தம்பி செந்தில் ஒரு போன் வாங்கி வைத்திருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்த பொதுத் தொலைபேசியில் கார்டு நம்பரைச் சுரண்டிப் போட்டு வழக்கம்போலக் கூப்பிட்டேன். எடுத்ததும் அழுதான். சம்பா அறுத்துக் களத்தில் நெல் கிடந்தது. அப்பா காவலுக்கு அங்கேயே படுத்திருந்தார். விடியும்போது வயிறு வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்தவருக்கு இமை தொங்கிப்போயிருந்தது. வாய் குழறியது. காலில் எறும்பு கடித்த மாதிரிகூடத் தடம் இல்லை. கட்டுவிரியன் என்று பெரியப்பா பார்த்ததுமே சொல்லிவிட்டார். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கும்பகோணம் போய், அங்கிருந்து தஞ்சாவூர் போவதற்குள் அப்பாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. இப்போது மெஷினில் இருக்கிறார்.

எங்கள் வார்டின் பொறுப்பு நர்ஸிடம் போய் அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது என்றேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். "நிஜப் பாம்பா?" என்று கேட்டாள். பிறகு என்னை உட்கார வைத்து, பாலூற்றி ஒரு டீ கொடுத்தாள். இந்த ஊரில் எதற்கும் முதலில் டீதான். உடனே ஊருக்குப் போ என்றாள். போகத்தான் முடியவில்லை. சித்திரையில் ஊருக்குப் போய்த் திரும்புவதற்கு வேண்டிய விசாவுக்காக என் பாஸ்போர்ட்டை டப்ளினுக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். அது எந்த மேஜையில் எந்தக் கட்டுக்கு அடியில் கிடந்ததோ. தினமும் அந்த ஆபீஸுக்குப் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லும், அப்புறம் பியானோ வாசிக்கும்.

ஆக, நான் இங்கே பத்து முன்பின் தெரியாத ஆட்களுக்கு மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என் அப்பாவுக்கு முன்பின் தெரியாத ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரில் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒரு ஆளை உள்ளே விடுவார்கள். எனக்கு அது காலை பத்தரை. சரியாக அந்த நேரத்தில் இடைவேளை கேட்டு வராந்தாவுக்கு ஓடுவேன். அம்மா ஐசியூ வாசலில் துண்டை விரித்துப் போட்டு அங்கேயே குடியிருந்தாள். பக்கத்தில் கோடியக்கரையிலிருந்து வந்த ஒரு மீன்காரக் குடும்பம், எதிரில் பேரனைச் சேர்த்திருந்த ஒரு பாய் வீட்டு அம்மா. மீன்காரக் குடும்பம் மாதா படம் கொடுத்தது, பாய் வீட்டு அம்மா ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. அப்பாவின் வாயில்தான் குழாய் இருக்கிறதே, தண்ணீரை எப்படிக் கொடுப்பது? பஞ்சில் நனைத்து உள்ளங்காலில் தடவிவிட்டு வந்தாளாம். நர்ஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாளாம். அந்த நர்ஸை நான் பார்த்ததில்லை. அவளை நினைத்து இங்கே பல நாள் அழுதிருக்கிறேன்.

இங்கேயும் நோயாளியின் குடும்பம் வருகிறது. அவர்களுக்கென்று சோபா போட்ட ஒரு சின்ன அறை உண்டு. டாக்டர் எதிரில் உட்கார்ந்து, மெதுவான குரலில், இருப்பதை இருக்கிறபடி சொல்வார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு நன்றி சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு அந்த நன்றி புரியவே இல்லை. பிறகு பழகிவிட்டது. பழகினது மட்டுமில்லை, அதுதான் சரி என்றும் தோன்றிவிட்டது. ஆனால் அந்தத் தை மாதத்தில் சோபா அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், தஞ்சாவூர் வராந்தாவில் அம்மா துண்டின் ஓரத்தில் எனக்கும் ஒரு சாண் இடம் கிடைக்காதா என்று ஏங்கினேன். ஒரு நம்பிக்கையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

மூன்றாவது நாள் அம்மா போனை வாங்கி, "பாப்பா, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு முடி எறக்குறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

"சரிம்மா, எறக்கு."

"என் முடி இல்ல. ஒன் முடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னெ ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"ஒன்னெ எதுக்குக் கேக்கணும்? என் முடி எலி வாலு மாதிரி இருக்கு. அதையா சாமிக்குக் குடுக்கிறது? வீட்டுலயே உருப்படியான முடி ஒன்னோடதுதான்."

எங்கள் பக்கத்தில் இப்படித்தான். ஒருத்தர் வேண்டிக்கொள்வார், இன்னொருத்தர் தலை போகும். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயசு எனக்கு. எரிச்சலாக வந்தது. ஆனாலும் பாத்ரூம் கண்ணாடி முன் நின்று, தொப்பியைக் கழற்றிப் பின்னலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது நாள் பெரியப்பாவும் மற்ற பங்காளிகளும் வந்து கூடிவிட்டார்கள். அப்பா கண் திறக்கவில்லை, கிள்ளினால் அசையவில்லை. தஞ்சாவூர் டாக்டர், விஷம் இறங்க நாளாகும், பொறுங்கள் என்று சொல்லியிருந்தார். டாக்டர் என்றால் அப்படித்தான் சொல்வார்கள் என்று பங்காளிகள் முடிவு கட்டினார்கள். உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பேச்சு வந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று தஞ்சாவூர் ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டில், சொந்தக் கூடத்தில், பால் ஊற்றி அனுப்பி வைப்பது. ஆஸ்பத்திரியில் சாகக் கூடாது, அவ்வளவுதான்.

"அக்கா, நீதான் சொல்லணும்" என்றான் செந்தில். "நீ வெளிநாட்டு ஐசியூல இருக்க. நீ என்ன சொன்னாலும் சரின்னு பெரியப்பா சொல்லிட்டாங்க."

உள்ளே இருக்கிற சிஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். இரண்டு கண்ணிலுமா? இரண்டிலும் விரிந்தபடியே இருக்கிறது என்றாள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று அப்போதே இரண்டு வருஷமாகத் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோபா அறையின் கதவைத் திறந்து வைக்கிற நேரம் அது. நான் செந்திலிடம் சொன்னேன், "வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்கடா." குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெரியப்பா ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார். கடைசியாகப் பார்க்கட்டும் என்று அன்றைக்கு எல்லாரையும் உள்ளே விட்டார்களாம். செந்தில் உள்ளே போய், அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்த அம்மாவிடம் அக்கா சொன்னதைச் சொன்னான். அம்மா நகரவில்லை. போனை வாங்கி என்னிடம் பேசினாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை.

"வேண்டிக்கிட்டிருக்கேன் பாப்பா. பாதியில தூக்கிட்டுப் போனா சாமிய நம்பலன்னு ஆயிடும்."

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணுல வெளிச்சமே தெரியலம்மா."

"மூணு நாளா ராவும் பகலும் களத்துல கெடந்த மனுசன். தூங்குறாரு. நீ போயி ஒன் வேலயப் பாரு."

போனை வைத்துவிட்டாள். படிக்காத பொம்பளை, இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று நினைத்துக்கொண்டு நான் வார்டுக்குத் திரும்பினேன்.

அம்மா விடவில்லை, வந்த ஆம்புலன்ஸ் காலியாகவே திரும்பிப் போனதாம். ஏழாவது நாள் அப்பாவின் கட்டைவிரல் அசைந்தது. ஒன்பதாவது நாள் கண் திறந்தார். பன்னிரண்டாவது நாள் குழாயை எடுத்தார்கள். கட்டுவிரியன் விஷம் மூளையைத் தொடுவதில்லை, நரம்பிலிருந்து தசைக்குப் போகிற வழியைத்தான் அடைக்கிறது, கண்மணியின் தசையும் அதில் அடங்கும் என்று பிறகு ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். தஞ்சாவூரில் அன்றாடம் பார்க்கிற சங்கதி அது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாம்பில்லாத நாட்டில் அதை எதற்குச் சொல்லித் தரப் போகிறார்கள்? ஆனால் சாக்குச் சொல்லக் கூடாது. அங்கே ஒரு டாக்டர் பொறுங்கள் என்று சொல்லத்தான் செய்தார். நான் அவரைவிடப் பெரிய நாட்டில் இருந்தேன்.

சித்திரையில் பாஸ்போர்ட் வந்தது. ஊருக்குப் போனேன். வைத்தீஸ்வரன் கோயிலில், அம்மா முன்னால் நின்று மேற்பார்வை பார்க்க, இடுப்பு வரைக்கும் இருந்த முடி மடியில் விழுந்தது. குளத்தில் முங்கி எழுந்து, தலை முழுக்கச் சந்தனத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்தேன். அம்மா அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போயிருந்தாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தண்ணீரைப் பார்த்தபடியே, "எனக்கு எல்லாம் கேட்டுச்சு பாப்பா" என்றார்.

எனக்குச் சந்தனத்தின் குளிர்ச்சி முதுகு வரைக்கும் இறங்கியது.

"கண்ணத் தொறக்க முடியல. வெரல அசைக்க முடியல. காது மட்டும் நல்லாக் கேட்டுச்சு. செந்தில் தலமாட்டுல நின்னுதான் சொன்னான், அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவச் சொல்லுதுன்னு."

"அப்பா, அது வந்து..."

"இரு, சொல்லிடுறேன். வந்தவன் போனவன் எல்லாம் அழுதுட்டுப் போறான். என்னெ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கடான்னு உள்ளுக்குள்ளயே கத்திக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தனுக்கும் கேக்கல. ஒங்கம்மாவுக்கே கேக்கல. கடலத் தாண்டி இருந்த எம்புள்ளைக்குத்தான் கேட்டிருக்குன்னு நெனச்சேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேச்சுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, இல்லை நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். முடி போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து, திரும்பி வந்த அம்மா திட்டினாள்.

மொட்டைத் தலையோடு கார்க் நகரத்துக்கு வந்தபோது வார்டில் யாரும் என் தலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்டார்கள். பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒருவரின் மனைவி, பிரிஜித் என்று பெயர், ஒரு நாள் நீலக் கம்பளித் தொப்பி ஒன்றைப் பின்னிக்கொண்டு வந்து கொடுத்தாள். தன் தங்கைக்கும் இப்படித்தான் முடி கொட்டியது, மனசைத் தளர விடாதே, உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்றாள். எனக்கு வியாதி இல்லை, அப்பாவுக்காகச் சாமிக்குக் கொடுத்தேன் என்று சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, நானும் ஏற்கெனவே என்னென்னவோ தருவதாகச் சொல்லியிருக்கிறேன், இன்னும் யாரும் வாங்க வரவில்லை என்றாள். தொப்பியை இரண்டு குளிர்காலம் போட்டிருந்தேன்.

இப்போதெல்லாம் கண் திறக்காத நோயாளி யார் வந்தாலும், டார்ச்சை எடுப்பதற்கு முன்னால் காதருகில் குனிகிறேன். என் பெயர், இன்றைக்கு என்ன கிழமை, மணி என்ன, வெளியில் மழையா வெயிலா, எல்லாவற்றையும் அவர்கள் பாஷையில் சொல்கிறேன். பிறகு பக்கத்தில் ஆள் இல்லையென்றால், "ஐயா, ஒங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போவணுமா?" என்று தமிழில் கேட்கிறேன். பதில் வராது. வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்கிறேன்.